கறுப்புத் தூளைக் கழுவியவன்

துவாக்குடித் தண்ணீரில் பருப்பு வேகாது. இந்தப் பக்கம் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் வாரம் அடுப்பைக் குறை சொல்வார்கள், இரண்டாவது வாரம் பருப்பு விற்ற கடைக்காரரைக் குறை சொல்வார்கள். அப்புறம்தான் பக்கத்து வீட்டுக்காரர் யாராவது சொல்லி, சமையலுக்கு மட்டும் கேன் தண்ணீர் வாங்க ஆரம்பிப்பார்கள். நம் ஆய்வு நிலையத்தின் ஆழ்துளைக் கிணறும் அதே பூமியில்தான் இருக்கிறது. விசாரணைக் குழுத் தலைவர் அம்மா அவர்களே, நீங்கள் வெளியூரிலிருந்து வந்தவர் என்பதால் இதை முதலில் சொல்லி வைக்கிறேன்.

என் பெயர் பெனடிக்ட். வயது ஐம்பத்தெட்டு. வேதியியல் ஆய்வகத்தில் இருபத்தாறு வருடமாக டெக்னீஷியன். கண்ணாடிச் சாமான்களைக் கழுவுவது, மெஷின்களைப் பார்த்துக்கொள்வது, மாணவர்கள் கேட்பதை எடுத்துக் கொடுப்பது என் வேலை. போன திங்கட்கிழமை நீங்கள் என்னைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டீர்கள். கடைசியாக, "வேற ஏதாவது சொல்லணுமா?" என்றீர்கள். இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். இருக்கிறது. எனக்கு எதிரில் நாலு பேர் உட்கார்ந்திருந்தால் பேச வராது. அதனால் ஆய்வகக் கம்ப்யூட்டரில் நானே இதை டைப் செய்கிறேன்.

மலர்க்கொடி தன் ஆராய்ச்சி முடிவுகளைப் பொய்யாக எழுதினாள் என்பதுதான் உங்கள் முன்னால் இருக்கும் புகார். அதை நிரூபித்துவிட்டதாகவும் நீங்கள் நினைக்கிறீர்கள். ஏழு வருட உழைப்பு, டாக்டர் பட்டம், அவள் பெயர், எல்லாம் போகப்போகிறது. அவள் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதவில்லை. அது எனக்குத் தெரியும்.

வரிசையாகச் சொல்கிறேன். வாழை ஒரு தடவைதான் தார் போடும். தாரை வெட்டி காந்தி மார்க்கெட்டுக்கு ஏற்றியதும் மரத்தையும் வெட்டிச் சாய்த்துவிடுவார்கள். ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே மேலூர்ப் பக்கம் போனால் வாய்க்கால் ஓரமெல்லாம் அப்படிச் சாய்த்த மரங்கள் கிடந்து அழுகும். மலர்க்கொடியின் அப்பா சின்னையாவுக்கு அங்கே வாழைத்தோட்டம். அழுகுகிற இந்த மட்டையிலிருந்து என்ன எடுக்கலாம் என்று சின்ன வயதிலிருந்தே யோசித்ததாக அவள் சொல்வாள். அதைக் காயவைத்துப் பொடித்து, தண்ணீரும் அமிலமும் சேர்த்து, திருகு மூடி போட்ட ஸ்டீல் பாத்திரத்தில் நூற்றெண்பது டிகிரியில் வேகவைத்தால் நார் உடைந்து லெவுலினிக் அமிலம் என்று ஒன்று கிடைக்கும். மருந்து, பிளாஸ்டிக், பெயின்ட் என்று பலவற்றுக்கும் அது மூலப்பொருள்.

கந்தக அமிலத்தை நேராக ஊற்றியும் இதைச் செய்யலாம். ஆனால் ஊற்றியதைத் திரும்பப் பிரித்தெடுக்க முடியாது. பாத்திரத்தை அரிக்கும், கழிவை எங்கே கொட்டுவது என்கிற தொல்லை வேறு. மலர்க்கொடி என்ன செய்தாள் என்றால், நெல் உமியைக் கரியாக்கி அந்தக் கரியின் மேலேயே அமிலத்தை ஏற்றிவிட்டாள். பார்க்க வெறும் கறுப்புத் தூள். வேலை முடிந்ததும் டீயை வடிகட்டுகிற மாதிரி வடிகட்டி, காய்ச்சி வடித்த சுத்தமான தண்ணீரில் கழுவி, அடுப்பில் உலர்த்தி, அதையே மறுபடி போடலாம். ஒரே தூள் எத்தனை தடவை உழைக்கிறது என்பதில்தான் அவளுடைய மொத்த ஆராய்ச்சியும் நிற்கிறது. பத்துத் தடவை தாங்கினால் பட்டம். அதே பத்துத் தடவை தாங்கினால் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி இதைத் தொழிலாகவே எடுத்துச் செய்யத் தயாராக இருந்தது.

அவள் சேர்ந்த அன்று சின்னையாவும் வந்திருந்தார். மொபெட்டின் பின்னால் நாலு வாழை மரத்தைத் துண்டு போட்டுக் கட்டிக்கொண்டு மேலூரிலிருந்து துவாக்குடி வரை ஓட்டி வந்திருந்தார். வேட்டி முழுக்க வாழைக் கறை. "இது போதுங்களா சார், இன்னும் கொண்டாரட்டுங்களா?" என்று என்னைக் கேட்டார். என்னை ஏதோ பெரிய விஞ்ஞானி என்று நினைத்துவிட்டார். நானும் திருத்தவில்லை.

அன்று மதியம் நான் ஜன்னலோரம் டிபன் பாக்ஸைத் திறந்தபோது அவள் தன்னுடையதை எடுத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். "தனியாவா சாப்புடுறீங்க? நானும் வரேன் சார்" என்றாள். அவ்வளவுதான் நடந்தது. இதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவள் எனக்கு மகள் வயது. என் மனதில் வேறு எதுவும் ஒரு நாளும் இருந்ததில்லை.

என் மனைவி பாக்கியமேரி இறந்து அப்போது நாலு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. தென்னூரில் இரண்டு அறை உள்ள வீடு எனக்கு. காந்தி மார்க்கெட்டில் கால் கிலோ கத்தரிக்காய் கேட்டால் கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தேன் என்றால், திங்கட்கிழமை காலை கண்டக்டரிடம் "துவாக்குடி ஒண்ணு" என்று சொல்லும்வரை வாயைத் திறக்க வேலை இருக்காது. சில திங்கட்கிழமை முதல் வார்த்தை சரியாகவே வராது. தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கும். தனிமை என்றால் என்ன என்று படித்தவர்கள் பலவிதமாகச் சொல்கிறார்கள். எனக்கு அது இதுதான்.

அவள் வந்த பிறகு மதியம் ஒன்றேகால் மணி என்று ஒரு நேரம் எனக்குக் கிடைத்தது. வாழைப்பூ வடை, தண்டுக் கூட்டு, எதைக் கொண்டுவந்தாலும் பாதி எனக்கு. "சார், உங்க ரசம் கஷாயம் மாதிரி இருக்கு" என்று கிண்டல் செய்வாள். மறுநாள் நான் மிளகைக் குறைத்து வைத்துப் பார்ப்பேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வருகிற பஸ்ஸில் அவள் ஏறி வருவாள். நான் காந்தி மார்க்கெட் ஸ்டாப்பில் நிற்பேன். ஜன்னலில் அவள் தலை தெரிந்தால் ஏறுவேன். தெரியாவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பேன். எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை.

தூளைக் கழுவும் வேலையை நானேதான் கேட்டு வாங்கிக்கொண்டேன். முதல் வருடம் அவளே கழுவினாள். ஒரு தடவைக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும். "குடும்மா, நான் கழுவி வைக்கிறேன், நீ போய்ப் படி" என்றேன். கண்ணாடி கழுவிப் பழகிய கை என்பதால் நன்றாகவே செய்தேன். ஐந்து தடவை போட்டும் தூள் அப்படியே உழைத்தது. கிடைத்த லெவுலினிக் அமிலம் அறுபத்தொன்று சதவீதம், அறுபது, அறுபத்தொன்று. அந்த எண்களை வைத்து அவள் எழுதிய கட்டுரை வெளிவந்த அன்று, அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் ரெங்கராஜ் ஆய்வகம் முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். இப்போது நீங்கள் பொய் என்று தீர்மானித்திருப்பது அந்தக் கட்டுரையைத்தான். அது முழு உண்மை.

அன்று மைசூர்பாகைக் கடித்துக்கொண்டே அவள் சொன்னாள்: "இன்னும் அஞ்சு தடவை ஓட்டிட்டா போதும். ஜூன்ல முடிச்சிட்டுக் கெளம்பிடுவேன் சார்."

அதற்கு அடுத்த வாரம் தண்ணீர் காய்ச்சி வடிக்கும் மெஷினின் ஹீட்டர் காயில் எரிந்துபோனது. புதுசு வர இருபது நாள் ஆகும் என்றார்கள். அவளுடைய வேலை நிற்கக்கூடாதே என்று நான் குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, அதில் கழுவினேன். தண்ணீர்தானே என்று நினைத்தேன். அந்தத் தடவை நான் செய்தது வெறும் தவறு. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அறுபத்தொன்று என்றிருந்தது நாற்பத்திரண்டுக்கு இறங்கியது, அடுத்த ஓட்டத்தில் பத்தொன்பது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். நான் டீ வாங்கி வந்து கொடுத்தேன்.

காரணம் எனக்குப் பத்து நாளில் புரிந்துவிட்டது. டீ போடுகிற கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது கை நின்றது. அந்த வெள்ளைதான் தூளிலும் ஏறியிருக்கிறது. கரியின் மேல் அமிலம் இருந்த இடங்களில் எல்லாம் தண்ணீரில் இருந்த கால்சியம் போய் உட்கார்ந்துகொண்டுவிட்டது. தூள் பார்க்க அப்படியேதான் இருக்கும். வேலை மட்டும் செய்யாது. இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவன் நான். மதியம் சாப்பிடும்போது அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

அவள் டிபன் பாக்ஸைத் திறந்து, அழுது வீங்கிய கண்ணோடு சிரித்து, "இன்னும் ஒரு வருஷம் உங்க தலையெழுத்து சார், என்னைப் பொறுத்துக்கணும்" என்றாள்.

நான் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அவள் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். மெஷினுக்குப் புது ஹீட்டர் காயில் வந்து மாட்டினார்கள். நல்ல தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழ ஆரம்பித்தது. நான் குழாயைத் திறந்து அதில் கழுவினேன். லாக் புத்தகத்தில் 'காய்ச்சி வடித்த நீர்' என்று எழுதினேன். அந்த நோட்டில் பொய் இருக்கிறது என்று நீங்கள் சந்தேகப்பட்டது சரிதான், ஆனால் அது அவள் கையால் எழுதிய பக்கத்தில் இல்லை.

ஐந்து வருடம் என்று மொத்தமாகச் சொன்னால் உங்களுக்குக் கொடூரமாகத் தெரியும். நான் ஒவ்வொரு நாளாகத்தான் செய்தேன். எல்லாத் தடவையும் கெடுக்கவும் இல்லை. அப்படிச் செய்தால் அவள் வேறு ஆராய்ச்சிக்கு மாறிவிடுவாள், அல்லது விட்டுவிட்டே போய்விடுவாள். அவள் புதுத் தூள் செய்து ஆரம்பிக்கும்போது நாலுக்கு ஒரு தடவை நல்ல தண்ணீரில் கழுவினேன். அன்று எண் மேலே ஏறும், அவள் முகமும் மலரும். "சார், இந்தத் தடவை புடிச்சிட்டோம்" என்பாள். அந்தச் சந்தோஷத்தையும் நான்தான் கொடுத்தேன் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தூளைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கால்சியம் இருப்பது தெரிந்தது. மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் பேராசிரியர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "வாழையில இல்லாத உப்பா? மட்டையிலேர்ந்துதான் வருது. மொதல்ல மட்டையைக் கழுவு" என்று சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பில்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். மலர்க்கொடி எட்டு மாதம் மட்டைப் பொடியைக் கழுவுவதிலேயே செலவழித்தாள். நானும் கூட நின்று கழுவினேன். அவை நல்ல மாதங்கள்.

ஒரே ஒரு தடவை, "இதை நானே கழுவிப் பாக்குறேன் சார், கோவிச்சுக்காதீங்க" என்றாள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. நல்ல தண்ணீர் கேனில் பாதியைக் கொட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீரால் நிரப்பி வைத்தேன். இரண்டும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். அந்த முறை எண் முன்னைவிடக் கீழே போனது. "என் கைதான் ராசியில்ல போல" என்று சொல்லி, அதற்குப் பிறகு அவள் என்னிடமே கொடுத்துவிட்டாள்.

அதே ஆய்வகத்தில் ஜெஸ்வின் என்று ஒரு பையன் இருந்தான். கரும்புச் சக்கையில் இதே மாதிரி ஆராய்ச்சி. அவனுடைய தூளையும் நான்தான் கழுவினேன். எப்போதும் காதில் ஹெட்போனோடு திரிவான், என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "ஹலோ" என்பான். அவனுக்கு ஒரு தடவைகூடக் குழாய்த் தண்ணீர் ஊற்றவில்லை. மூன்றரை வருடத்தில் டாக்டராகிப் போய்விட்டான். போகும்போது சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. பிடிக்காதவனுக்கு நேர்மையாக இருந்திருக்கிறேன் என்பது எனக்கே கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது.

இதற்கிடையில் மலர்க்கொடிக்கு இரண்டு வரன் வந்தது. "படிப்பு முடியட்டும்னு சொல்லிட்டேன் சார்" என்றாள். சிப்காட் கம்பெனிக்காரர்கள் ஒரு வருடம் காத்திருந்துவிட்டு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். சின்னையாவுக்குச் சிறுநீரகம் கெட்டு வாரம் இரண்டு நாள் டயாலிஸிஸ் என்றானது. அவரால் மொபெட் ஓட்ட முடியாமல் போனது. ஒரு நாள் மகளோடு பஸ்ஸில் வந்து, அவள் உள்ளே போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், பாப்பா எப்பங்க முடிக்கும்? நீங்கதான் கூடவே இருக்கீங்க. பேருக்கு முன்னாடி டாக்டர்னு போடுறத ஒரு தடவை பாத்துட்டாப் போதும்ங்க எனக்கு."

"முடிஞ்சிரும்ங்க" என்றேன். "அவசரப்பட்டா எல்லாம் கெட்டுப்போயிரும். நீங்க ஒடம்பப் பாத்துக்குங்க."

அவர் ஐப்பசியில் இறந்தார். நான் மேலூர் போயிருந்தேன். தோட்டத்து வழியாகத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். மலர்க்கொடி பதினாறு நாள் ஆய்வகத்துக்கு வரவில்லை. ஒன்றேகால் மணிக்கு நான் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டு, மூடி வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். இந்த ஏழு வருடத்தில் நான் பட்ட கஷ்டம் என்றால் அந்தப் பதினாறு நாள்தான். அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பழைய கட்டுரையில் இருக்கிற எண்கள் ஏன் திரும்ப வரவில்லை என்று, அவளுடைய பிந்தைய அறிக்கைகளைப் பார்த்த யாரோ வெளியிலிருந்து கேட்டார்கள். பேராசிரியர் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள அவளைக் கைகாட்டினார். நீங்கள் என்னிடம், "காய்ச்சி வடித்த தண்ணீர்லதான் கழுவினதா நோட்டுல இருக்கா?" என்று கேட்டீர்கள். இருக்கிறது என்றேன். நோட்டில் இருப்பதை இருக்கிறது என்றுதானே சொல்ல முடியும்.

அவளைக் காப்பாற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். விசாரணை என்றால் இழுக்கும், விசாரணை முடியும்வரை அவள் வந்துபோய்க்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். நீங்கள் இவ்வளவு சீக்கிரம் முடிப்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

நேற்று அவள் அலமாரிச் சாவியைக் கொடுக்க வந்தாள். ஹோசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர் வேலை கிடைத்திருக்கிறதாம். வருகிற பதினான்காம் தேதி அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறாளாம். அவள் அழுவாள் என்று நினைத்து டீ சொல்லியிருந்தேன். அழவில்லை.

"இன்னிக்குத்தான் சார் நல்லாத் தூங்கி எழுந்திருச்சேன்" என்றாள். "பட்டம் போனாப் போவுது. பொய்க்காரின்னு சொல்லிட்டாங்களே, அது மட்டும்தான். அதுவும் ஹோசூர்ல யாருக்குத் தெரியப்போவுது? நீங்க ஒருத்தர்தான் என்னைக் கடைசி வரைக்கும் நம்புனீங்க. மறக்க மாட்டேன் சார்."

டீயைக்கூட முழுசாகக் குடிக்காமல் போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது அதுவே முதல் தடவை. ஏழு வருடம் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவள் நிம்மதியாகத் தூங்கி எழுந்ததாக என்னிடமே சொல்கிறாள். இரவெல்லாம் யோசித்துப் பார்த்தேன். அவளுக்கு நடந்தது அநியாயம் என்பது அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. அதனால்தான் இன்று சனிக்கிழமையாக இருந்தும் வந்து இதை எழுதுகிறேன்.

ஆகவே, மலர்க்கொடியின் கறுப்புத் தூளை ஐந்து வருடமாகக் கெடுத்தவன் நான். தெரிந்தே கெடுத்தேன். அவளுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். ஆய்வகத்தை விட்டு மட்டும் மாற்றிவிடாதீர்கள். உண்மையை நிலைநாட்ட வேண்டுமென்றால் அந்தப் பத்து ஓட்டத்தையும் அவள் மறுபடி செய்து காட்ட வேண்டியிருக்கும். குறைந்தது எட்டு மாதம் ஆகும். அந்தத் தூளின் பக்குவம் என்னைவிட வேறு யாருக்கும் தெரியாது. இந்தத் தடவை அவளுக்குச் சரியாகக் கழுவித் தருவேன்.

இந்தத் தாளில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பதினான்காம் தேதிக்கு முன்னால் நீங்கள் அவளுக்குச் சொல்லியனுப்புங்கள். அவள் ஹோசூருக்குப் போகாமல் ஆய்வகத்துக்குத் திரும்பி வருகிற அன்று, அவள் கண் முன்னாலேயே போடுகிறேன். அவள் வரவில்லை என்றால், போன திங்கட்கிழமை நான் உங்களிடம் சொன்னதுதான் என் வாக்குமூலம்.